கல்யாண மேடையில் எட்டு கார்ட்லெஸ் மைக்: இரைச்சல் இல்லாமல் நடத்துவது எப்படி

வரவேற்பு மேடையில் கரகரப்பு கேட்டவுடன் மைக் செட்காரர்கள் பெரும்பாலும் செல்போன் கோபுரத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மண்டபம் மண்டபமாக ஒலி அமைத்துக்கொண்டிருப்பவன் நான். எட்டு கார்ட்லெஸ் மைக் ஓடும் மேடையில் தொல்லையின் பெரும்பகுதி நம்முடைய பெட்டியிலிருந்தே கிளம்புகிறது. நம் மைக்குகளே ஒன்றையொன்று கெடுக்கின்றன. ஆண்டெனாவை நாம் வைத்த இடம் இன்னும் கொஞ்சம் கெடுக்கிறது. வெளியிலிருந்து வருவது அதற்கும் அப்புறம்தான். ஆகவே வேலையில் பாதியை மண்டபத்துக்குப் புறப்படும் முன்பே, ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அந்தத் தாளில் முதலில் எழுத வேண்டியது எத்தனை மைக், யாருக்கு என்பது. தொகுப்பாளருக்கு ஒன்று, மெல்லிசைக் குழுவின் பாடகர்களுக்கு நான்கு, புல்லாங்குழலுக்கு ஒரு கிளிப் மைக், வாழ்த்துரைக்கு இரண்டு. மொத்தம் எட்டு. இதில் புல்லாங்குழல்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. அவருக்குக் கம்பி போதும். வாழ்த்துரை ஒரே இடத்தில் நின்று பேசுவதென்றால் அங்கே ஒரு ஸ்டாண்டில் கம்பி மைக்கை வைத்து, கார்ட்லெஸ் ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால் போதும். எட்டு ஆறாகிவிட்டது. நகராதவருக்குக் கம்பி என்பதில் நான் பிடிவாதக்காரன். கார்ட்லெஸ் கொடுத்தால்தான் மரியாதை என்று குழுத் தலைவர்கள் நினைப்பதுண்டு. அவர்களிடம் பொறுமையாகப் பேசிப் புரியவைப்பதும் நம் வேலைதான்.

இரண்டு மைக்கைக் குறைப்பதால் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் கலப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மைக்குகள் ஒன்றையொன்று கெடுப்பது எப்படி

இரண்டு கார்ட்லெஸ் மைக்குகள் அருகருகே இயங்கும்போது ஒன்றின் அலை மற்றதன் ஒலிபரப்புப் பகுதிக்குள் நுழைந்து கலக்கிறது. வலுவான அலைகள் ஒன்றாக வந்து விழும்போது மைக்கின் அலையை வாங்கும் ரிசீவருக்குள்ளும் இதே கலப்பு நடக்கும். கலப்பில் பிறப்பவை நாம் எந்த மைக்குக்கும் வைக்காத புதிய அலைகள். இதை இண்டர்மாடுலேஷன் என்பார்கள். எங்கே பிறக்கும் என்பதற்குக் கணக்கு எளிது: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழிக்க வேண்டும். மூன்று மைக் இருந்தால் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தும் பார்க்க வேண்டும்.

520, 522, 524 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை எண்களில், அழகாக இரண்டிரண்டாக இடைவெளி விட்டு மூன்று மைக் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். 522-ஐ இரட்டித்தால் 1044. அதில் 520-ஐக் கழித்தால் 524. அதாவது முதல் இரண்டு மைக்குகளும் சேர்ந்து மூன்றாவது மைக்கின் தலையிலேயே ஒரு பொய் அலையை இறக்குகின்றன. நான்காவதாக 526 வைத்தால் அதன்மேல் இரண்டு பொய் அலைகள் விழும். பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் சம இடைவெளிதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் பலர் இப்படித்தான் வைக்கிறார்கள். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகச் சுத்தமாகக் கேட்கும். எல்லாவற்றையும் போட்டவுடன் குழப்பம் தொடங்கும். உடனே ரிசீவரைப் பழுது என்று கடைக்கு எடுத்துப் போகிறார்கள், பாவம்.

இரண்டு மைக் இருந்தால் இப்படிப் பிறப்பவை 2. நான்கு மைக்குக்கு 24. ஆறுக்கு 90. எட்டுக்கு 224. பதினாறு வைத்தால் 1920. எட்டை ஆறாக்குவதில் நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

தப்பிக்கும் வழியும் கணக்கிலேயே இருக்கிறது. எந்த இரண்டு மைக்குகளுக்கு இடையிலான இடைவெளியும் வேறெந்த இரண்டின் இடைவெளியோடும் ஒத்துப்போகக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால், மேலே சொன்ன இரண்டு வகைக் கலப்பும் எந்த மைக்கின் மீதும் விழாது. எட்டையும் கார்ட்லெஸாகவே கேட்கும் மேடைக்கு, தாளில் இதைக் கட்டிப் பார்ப்போம். முதல் மைக் 518.0. இரண்டாவது 518.4, இடைவெளி 0.4. மூன்றாவதாக 518.8 வைக்கலாமா? கூடாது, மறுபடியும் 0.4 வருகிறது. 519.2 வைத்தால் இடைவெளிகள் 1.2, 0.8. இரண்டுமே புதியவை, எடுத்துக்கொள்ளலாம். நான்காவதாக 519.6 வைத்தால் 1.2 திரும்ப வருகிறது. 520.0 வைத்தால் 0.8 திரும்ப வருகிறது. 520.4 வைத்தால் மீண்டும் 1.2. 520.8 வைத்தால் 2.8, 2.4, 1.6. மூன்றும் புதியவை. இப்படியே போனால் அடுத்தவை 522.8, 526.0, 530.0, 535.6. எட்டு மைக்குகளுக்கு இடையே மொத்தம் 28 இடைவெளிகள், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒன்றுக்கொன்று குறைந்தது 0.4 வித்தியாசமும் இருக்கிறது. சாதாரண அனலாக் மைக்குக்கு அந்த அளவு இடம் தேவை.

இது கணக்கு பழகுவதற்கான பட்டியல். உங்கள் செட் எந்த எல்லைக்குள் இயங்குகிறதோ அதற்குள் இதே இடைவெளிகளை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். எட்டு மைக்குக்கு 17.6 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டதைக் கவனியுங்கள். மிகக் குறுகிய எல்லைக்குள் இயங்கும் மலிவான செட்டில் எட்டு மைக்கை நிம்மதியாகக் குடிவைக்க முடியாது. வாங்கும்போதே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எல்லையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு அகப்படாதவையும் உண்டு. மூன்று மடங்கில் இரண்டு மடங்கைக் கழித்தால் வரும் ஐந்தாம் படிக் கலப்பு அதில் ஒன்று. 518.4-ஐ மூன்றால் பெருக்கி, 518.0-இன் இரண்டு மடங்கைக் கழித்தால் சரியாக 519.2-இல் போய் நிற்கிறது. பொதுவாக இது வலுக்குறைந்த அலை. ஆனாலும் 518.0-ஐயும் 518.4-ஐயும் ஜோடிப் பாட்டுப் பாடும் இருவர் கையில் கொடுக்க மாட்டேன். மேடையில் எதிரெதிர் ஓரத்தில் நிற்பவர்களுக்குக் கொடுப்பேன். எண்களைப் பிரித்துக் கொடுக்கும்போது யார் யாரோடு ஒட்டி நிற்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசை மைக்குகள் என்றால் இந்தக் கணக்கை நிறுவனமே போட்டுக் கொடுத்திருக்கும். ரிசீவரில் குரூப், சேனல் என்று இருப்பது அதுதான். ஒரே குரூப்புக்குள் இருக்கும் சேனல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வைத்து, சேனலை மட்டும் மாற்றுங்கள். ஒன்றை முதல் குரூப்பிலும் மற்றொன்றை நான்காவது குரூப்பிலும் வைத்தால் அந்த ஏற்பாடே வீணாகிவிடும். இரண்டு நிறுவனங்களின் மைக்குகள் கலந்திருந்தால் குரூப் உதவாது. அப்போது தாள் கணக்கு, அல்லது ஷூர் நிறுவனம் இலவசமாகத் தரும் வயர்லெஸ் ஒர்க்பெஞ்ச் மென்பொருள். மற்ற நிறுவன மைக்குகளின் எண்களையும் அதில் சேர்த்துக் கணக்கிடலாம். ஐந்தாம் படிக் கலப்பையும் அது பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பட்டையில் வாங்குவது

இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் மைக்கை இனி வாங்காதீர்கள். 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ நாடு முழுவதும் 700 பட்டையை வாங்கியது. அந்தப் பட்டையில் போன்கள் 703 முதல் 748 வரையிலான பகுதியிலும் கோபுரங்கள் 758 முதல் 803 வரையிலான பகுதியிலும் பேசுகின்றன. அதற்கு மேலே போனால் 824 முதல் 849 வரையிலும் 890 முதல் 915 வரையிலும் போன்களின் அலைகள்தான். பழைய மைக்குகள் பல இந்த இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன, பழைய விலைக்குக் கைமாறவும் செய்கின்றன.

கோபுரத்தின் அலை எப்போதும் இருப்பது. எந்த எண்ணில் அலை ஓடுகிறது என்று கருவியில் தேடிப் பார்ப்பதுதான் ஸ்கேன்; அதைச் செய்தால் தெரிந்துவிடும், விலகிக்கொள்ளலாம். போனின் அலை அப்படி இல்லை. மதியம் மூன்று மணிக்குக் காலி மண்டபத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு எண்ணூறு பேர் எண்ணூறு போனோடு மேடையைச் சுற்றி நிற்பார்கள். மேடைக்கு முன்வரிசையில் மணமக்களை வீடியோ எடுத்து அங்கிருந்தே அனுப்பிக்கொண்டிருப்பவரின் போன், தூரத்துக் கோபுரத்தைவிட உங்கள் ரிசீவருக்கு மிக அருகில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிறு மைக்குகளுக்கும் இதே கதிதான். வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. வகுப்பறைக்கும் சிறு கூட்டத்துக்கும் அவை நன்றாகவே உதவும். பெரிய வரவேற்புக்கு எட்டு மைக்கையும் அதில் நம்பி இறங்க நான் தயாராக இல்லை.

470-க்கு மேல் 700-க்குக் கீழ் நிறைய இடம் இருக்கிறது. தூர்தர்ஷனின் அனலாக் கோபுரங்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால் முன்னைவிட இப்போது நிம்மதி. 2016-இல் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் தூர்தர்ஷன் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்படியான ஒளிபரப்பு ஸ்கேனில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேசைபோல் தட்டையாக எழும்பி நிற்கும். பார்த்தால் அந்த எட்டு மெகாஹெர்ட்ஸையும் முழுதாக விட்டு விலகிவிடுங்கள்.

ஸ்கேன் செய்யும் நேரம்

நம் மைக்குகள் அத்தனையும் அணைந்திருக்க வேண்டும், மண்டபத்தில் மற்ற எல்லாம் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அப்போது எடுக்கும் ஸ்கேன்தான் ஸ்கேன். அலங்கார விளக்கு, எல்இடி திரை, வீடியோகாரரின் கருவிகள், மண்டபத்து வைஃபை, மாற்றிப் பார்க்க முடிந்தால் ஜெனரேட்டர் கூட. எல்இடி திரையைப் போடாமல் எடுத்த ஸ்கேனை நம்பி மேடை ஏறக் கூடாது. ரிசீவரில் இருக்கும் ஸ்கேன் வசதியே பெரும்பாலும் போதும். தொழிலைத் தீவிரமாகச் செய்பவர்கள் டைனிஎஸ்ஏ போன்ற சிறிய அலைமானி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். உள்ளங்கை அளவுதான். 240 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை என்ன நடக்கிறது என்று திரையில் காட்டிவிடும்.

முகூர்த்த நாளில் இன்னொரு வேலையும் உண்டு. ஒரே சாலையில் அடுத்தடுத்து மண்டபங்கள் இருந்தால் பக்கத்து மண்டபத்துக்கு நடந்து போய் அங்கே ஒலி அமைப்பவரிடம் அவருடைய எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். கடையில் வாங்கிய நாள் முதல் முதல் குரூப், முதல் சேனலிலேயே இருக்கும் மைக்குகள் ஏராளம். அதனால்தான் இங்கே தாலி கட்டும் நேரத்தில் அங்கே ஓதும் மந்திரம் கேட்கிறது. வீடியோகாரரையும் கேளுங்கள். மாப்பிள்ளையின் கோட்டில் அவர் மாட்டும் காலர் மைக் எந்த எண்ணில் ஓடுகிறது என்பது நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

எல்இடி திரையும் ஆண்டெனாவும்

இன்றைய வரவேற்பு மேடைகளில் எனக்கு அதிகக் கவலை தருவது மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரை. ஒவ்வொரு பலகையிலும் பவர் சப்ளையும் வேகமாக மாறும் மின்னோட்டமும் இருக்கின்றன. அவற்றிலிருந்து பரந்த அளவில் ரேடியோ இரைச்சல் கசியும். அது ஒரு குறிப்பிட்ட எண்ணில் வந்து நிற்காது. தரைமட்டமே உயர்ந்ததுபோல் எல்லா எண்களிலும் ஏறும். மைக்கின் அலை அந்த மட்டத்துக்கு மேலே எழும்பினால்தான் கேட்கும். திரையை அணைத்தால் மைக் எழுபது அடிக்குப் போகும், போட்டால் இருபது அடியில் திணறும். காரணம் தெரியாதவர்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

சோதிப்பது எளிது. மைக்கை அணைத்துவிட்டு வரும் அலையின் வலுவைக் காட்டும் ரிசீவரின் ஆர்எஃப் விளக்குகளைப் பாருங்கள். திரை எரியும்போது இரண்டு கோடு ஏறி, அணைத்தால் இறங்கினால் குற்றவாளி அதுதான். ஆண்டெனாவைத் திரையிலிருந்து ஒவ்வொரு மீட்டராகத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள், கோடு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஐந்து மீட்டராவது கிடைத்தால் நல்லது.

துடுப்பு வடிவ ஆண்டெனா வைத்திருப்பவர்கள் அதைச் சபையின் நடுவிலிருந்து மேடையை நோக்கித் திருப்பி வைப்பார்கள். பாடகர்களை நோக்கித் திருப்பியதாக எண்ணம், ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் முழுத் திரையையும் நோக்கித்தான் அது திரும்பியிருக்கிறது. மேடையின் முன் ஓரத்தில், பக்கவாட்டில் நிறுத்தி, திரைக்கு இணையாக மேடையின் குறுக்கே பார்க்கும்படி வையுங்கள். அந்த ஆண்டெனா முன்னால் வருவதை நன்றாக வாங்கும், பக்கவாட்டிலும் பின்னாலும் வருவதைக் குறைவாக வாங்கும். பாடகர்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள், திரை பக்கத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு திருப்பத்தில் கிடைக்கும் பலனை எந்த விலையுயர்ந்த பெட்டியும் தராது.

சாதாரணக் குச்சி ஆண்டெனா என்றால் ரிசீவரின் பின்பக்கத்தில் விடாமல் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் விரித்து வையுங்கள். இரும்புப் பெட்டிக்குள் அடைபட்ட ஆண்டெனா பாதிக் குருடு. 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். இரண்டு ஆண்டெனாவுக்கும் இடையே அதில் கால்பங்காவது இருக்க வேண்டும், முழு நீளம் இருந்தால் இன்னும் நல்லது. நிற்பவர்களின் தலைக்கு மேலே போகும்படி ஸ்டாண்டில் உயர்த்துங்கள். மனித உடலில் இருக்கும் நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். பரிசு கொடுக்க மேடையில் ஐம்பது பேர் ஏறிய பிறகு, இடுப்பளவில் இருக்கும் ஆண்டெனாவுக்கு எதுவும் எட்டாது.

ஆண்டெனா வயரைச் சபையின் கடைசியில் இருக்கும் மிக்சர் வரை இழுக்காதீர்கள். ஆர்ஜி-58 வயரில் பத்து மீட்டருக்கு ஏறத்தாழ 4 டெசிபெல் போய்விடும். அது வந்த அலையில் பாதிக்கும் மேல். ரிசீவர்களை மேடைக்கு அருகிலேயே, கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைத்து, அங்கிருந்து மிக்சருக்கு ஆடியோ வயரை இழுத்துவிடுங்கள். டிவி கேபிளை ஆண்டெனாவுக்குப் போட வேண்டாம். அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம். எட்டு ரிசீவருக்குப் பதினாறு குச்சி நிற்பதைவிட, இரண்டு ஆண்டெனாவும் அவற்றைப் பகிர்ந்துகொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் சுத்தமான ஏற்பாடு.

உடலில் மாட்டுவது

பரதநாட்டியக் கலைஞர் பேசிக்கொண்டே ஆடும் நிகழ்ச்சிகளில் இடுப்பில் மாட்டும் ஒலிபரப்புப் பெட்டியான பாடிபேக்கை ஒட்டியாணத்துக்கு அடியில் செருகிவிடுவார்கள். உலோகத் தகடு ஆண்டெனாவின் மேல் அழுந்தினால் அலை எங்கே போகும்? பேக்கை ஒட்டியாணத்துக்குக் கீழோ மேலோ நகர்த்தி, ஆண்டெனா மடங்காமல் நேராகத் தொங்கும்படி விட வேண்டும். வேட்டி மடிப்பில் சுருட்டிச் செருகுவதும் இதே தப்புதான். கையில் பிடிக்கும் மைக்கில் ஆண்டெனா பெரும்பாலும் அடிப்பகுதியில் இருக்கும். அந்த அடிப்பகுதியைப் பொத்திப் பிடிக்கும் தொகுப்பாளரிடம் நிகழ்ச்சிக்கு முன்பே மைக்கின் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள், நயமாகச் சொன்னால் கேட்பார்கள். பேட்டரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதியது, அல்லது முழுதாகச் சார்ஜ் செய்தது.

மைக்கில் பவரை மாற்றும் வசதி இருந்தால் குறைந்த அளவில் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிக தூரம் போகும் என்ற எண்ணம் ஒற்றை மைக்குக்குச் சரி. பல மைக் ஓடும்போது, அலையின் வலு ஒரு டெசிபெல் ஏறினால் கலப்பு அலை மூன்று டெசிபெல் ஏறும். 50 மில்லிவாட்டிலிருந்து எல்லா மைக்கையும் 10 மில்லிவாட்டுக்கு இறக்கினால் நம் அலை 7 டெசிபெல் குறையும், கலப்பு 21 டெசிபெல் அளவுக்குக் குறையும். சராசரி மண்டப மேடைக்கு 10 மில்லிவாட் தாராளம். வலுக்குறைந்த அலை வந்தால் ஒலியை அடைத்துவிடும் ஸ்குவெல்ச்சை ஏற்றி இரைச்சலை மறைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரைச்சல் அங்கேயேதான் இருக்கும், மைக் எட்டும் தூரம் மட்டும் குறைந்துபோகும்.

கடைசிச் சோதனை

எல்லா எண்களையும் வைத்த பிறகு எட்டு மைக்கையும் போட்டு, மேடையில் அவரவர் நிற்கும் இடத்தில் பிரித்து வையுங்கள். மேசைமேல் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் கலப்பு ஊதிப்பெருகி, நிகழ்ச்சியில் வராத தொல்லையெல்லாம் வரும். ரிசீவர் ஆண்டெனாவுக்கும் மைக்குகளுக்கும் மூன்று மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். இப்போது முதல் மைக்கை மட்டும் அணையுங்கள். மற்ற ஏழும் ஓடட்டும். முதல் ரிசீவரின் ஆர்எஃப் விளக்கு முழுதாக விழுந்துவிட்டால் அந்த எண் சுத்தம். அணைத்த பிறகும் இரண்டு மூன்று கோடு நின்றால் வேறு ஏதோ அலை அங்கே உட்கார்ந்திருக்கிறது. எண்ணை மாற்றி மறுபடியும் பாருங்கள். பிறகு முதல் மைக்கைப் போட்டுவிட்டு இரண்டாவதை அணையுங்கள். எட்டும் முடியும் வரை இப்படி.

அனலாக் மைக்கில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. எஃப்எம் ரிசீவர் இரண்டு அலைகளில் வலுவானதைப் பிடித்துக்கொள்ளும், மற்றதை அமுக்கிவிடும். பாடகி ஆண்டெனாவைப் பார்த்து நிற்கும் வரை பொய் அலை ஒளிந்திருக்கும். அவர் பல்லவி முடித்து மணமக்கள் பக்கம் திரும்பி, உடல் குறுக்கே வந்த நொடியில் அது மேலே வரும். மாலை சவுண்ட் செக்கில் சுத்தமாகக் கேட்டது, இரவில் சரியாக உச்சக்கட்டத்தில் கெடுவது இதனால்தான். டிஜிட்டல் மைக்கில் இரைச்சல் கேட்காது, குரல் திடீரென்று அறுந்துபோகும்.

நடுவில் ஒரு மைக் கெட்டுவிட்டால் மேடை ஓடும்போது அந்த எண்ணைத் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். முன்கூட்டியே கணக்கில் சேர்த்து, அதே சோதனையில் தேறிய ஒன்பதாவது எண் ஒன்றை ஒரு உபரி மைக்கில் வைத்து, அணைத்த நிலையில் மேடை ஓரத்தில் வைத்திருங்கள். முதலில் கெட்ட மைக்கை அணையுங்கள், பிறகு உபரியைப் போட்டுக் கையில் கொடுங்கள். அன்றைய எண்களையும் மண்டபத்தின் பெயரையும் திரை இருந்ததா, பக்கத்து மண்டபத்தில் எந்த எண் ஓடியது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி ரிசீவர் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே மண்டபத்துக்குப் போகும்போது கணக்கை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். ஸ்கேன் மட்டும் மறுபடியும் எடுக்க வேண்டும்.